கையொப்பம் யாருடையது?

மன்னார்புரம்! சொல்லும்போதே ஓர் அரசனின் நிழல் அந்தப் பெயரில் ஆடுகிறது. எழுத்திலே ஒரு துணைக்காலை நீக்கிவிட்டால் 'மன்னர்புரம்' ஆகிவிடும் இந்தத் திருச்சிப் பகுதி. துணைக்காலை நீக்குவது எளிது. எழுதுகோலால் ஒரு கோடு இழுத்தால் போதும். மன்னரை நீக்குவது? உலக வரலாற்றின் பாதிப் பக்கங்களைக் குருதியிலே நனைத்த கேள்வி அது.

அந்தக் கேள்வியை இங்குள்ள இளைஞர்கள் இப்போது வேறு உருவிலே கேட்கின்றனர். செய்தித்தாளில் 'இம்பீச்மெண்ட்' என்ற சொல்லைக் காண்கின்றனர். குற்றஞ்சாட்டி, விசாரித்து, பதவியினின்றும் இறக்குவது என்று பொருள் அறிகின்றனர். தென்கொரியாவிலே ஒரு குடியரசுத் தலைவரை இறக்கிவிட்டார்களே, இங்கே அப்படி இறக்க முடியுமா? முடியுமென்று சட்டம் சொல்கிறதென்றால், 1950இலிருந்து ஒருமுறையேனும் அது ஏன் நடக்கவில்லை? எல்லாரும் அப்பழுக்கற்ற உத்தமர்களாகவே வந்து அமர்ந்தார்களா? நல்ல கேள்வி. இதற்கு விடை தேடப் புறப்பட்டால் வழியிலே இன்னொரு கேள்வி நம்மை மறிக்கிறது. அது சட்டக் கேள்வியன்று, அறக் கேள்வி. பிறர் எழுதித் தந்ததிலே கையெழுத்திட்டவன், 'அது என் செயலன்று' என்று சொல்லித் தப்பலாமா?

முதலில் மன்னனைப் பார்ப்போம். திருச்சிக்கு மேற்கே நடை தொலைவிலுள்ள உறையூர் சோழனின் தலைநகராக இருந்தது. அங்கே நெடுங்கிள்ளி இருந்தபோது, நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்றொரு புலவன் வந்தான். ஒற்றன் என்று ஐயுற்று அவனைக் கொல்லத் துணிந்தான் அரசன். கோவூர்கிழார் இடையிலே புகுந்து பாடினார். புலவன் உயிர் பிழைத்தான். புறநானூற்றுக் குறிப்பு தரும் செய்தி இது. கோவூர்கிழாரின் நெஞ்சுரத்தை எண்ணி நாம் பெருமிதம் கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவர் வேண்டினார், குற்றஞ்சாட்டவில்லை. அரசன் இரங்கினான், விடை கூறவில்லை. அன்றைக்கு அவன் செவி மூடியிருந்தால்? ஒரு பாட்டும் ஒரு பிணமும் மிஞ்சியிருக்கும். அரசன் அரசனாகவே இருந்திருப்பான்.

மதுரையிலே கண்ணகி வழக்குரைத்தாள். பாண்டியன் தன் பிழை கண்டு உயிர் துறந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அங்கும் தண்டனை தந்தது யார்? அரசனின் மனச்சான்று. மனச்சான்று உள்ள மன்னனுக்கு மன்றம் தேவையில்லை. அது இல்லாதவனுக்காகத்தானே மன்றம் வேண்டும்?

வடக்கிலிருந்து வந்த நூல்களோ அந்தச் சிறு இடைவெளியையும் அடைத்தன. அரசன் சிறு குழந்தையே ஆனாலும் மனிதன் என்றெண்ணி அவமதிக்காதே, அவன் மனித உருவில் நிற்கும் பெருந்தெய்வம் என்றான் மனு. தெய்வத்தின் மேல் யார் வழக்குத் தொடுப்பது? ஆற்றுக்கு அக்கரையிலே திருவரங்கம் இருக்கிறது. வைணவர் 'கோயில்' என்று மட்டும் சொன்னால் அதையே குறிக்கும். கோ என்றால் அரசன். இல் என்றால் வீடு. அரசனின் வீட்டுக்கும் ஆண்டவனின் வீட்டுக்கும் ஒரே சொல்! இரண்டிலும் குனிந்தே நுழைய வேண்டும், கேட்டுப் பெற வேண்டும், கணக்குக் கேட்கக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் இந்தப் பயிற்சி பெற்ற நாடு, நாற்காலியில் இருப்பவனைப் பார்த்து, 'நீ செய்தது குற்றம். விளக்கம் கூறு' என்று கேட்கக் கற்பது எளிதா?

வெள்ளையனும் பிறவியிலேயே இதைக் கற்றவனல்லன். மன்னன் தவறிழைக்க மாட்டான் என்பதே அவனுடைய சட்டக் கோட்பாடு. ஆகவே அவன் ஒரு சூழ்ச்சி செய்தான். மன்னன் தவறிழைக்க மாட்டான், எனவே தவறு நடந்திருந்தால் அது மன்னனுக்கு ஆலோசனை சொன்னவன் செய்த தவறு, பிடி அவனை! அமைச்சர்களையும் அதிகாரிகளையும் மக்கள் அவை குற்றஞ்சாட்ட, பிரபுக்கள் அவை விசாரித்தது. சென்னைக் கோட்டையிலும் பணிபுரிந்து, பின்னர் வங்கத்திலிருந்து இந்தியாவை ஆட்டிப்படைத்த வாரன் ஹேஸ்டிங்ஸை அப்படித்தான் எட்மண்ட் பர்க் கூண்டிலேற்றினார். 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் அவருடைய விடுதலையில் முடிந்தது. விடுதலைதானே என்று நகைப்போர் உண்டு. ஏழாண்டுக் காலம் ஒரு கவர்னர் ஜெனரல், தான் ஆண்ட மக்களுக்கு இழைத்ததற்காக விடை சொல்ல வேண்டியிருந்தது என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நம் அரசியல் சட்டத்தைப் புரட்டுவோம்.

61ஆவது பிரிவு கூறுவது இது. குடியரசுத் தலைவர் மீது சாட்டக்கூடிய குற்றம் ஒன்றே ஒன்று: அரசியல் சட்டத்தை மீறியது. நாடாளுமன்றத்தின் எந்த அவையும் குற்றஞ்சாட்டலாம். அந்த அவையின் மொத்த உறுப்பினரில் நாலில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுப் பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மொத்த உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினர் வாக்களித்தால் குற்றச்சாட்டு நிற்கும். அடுத்த அவை விசாரிக்கும். தலைவர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ வாதாடலாம். அங்கும் மூன்றில் இரு பங்கு கிட்டினால், அந்நொடியே பதவி போகும். வந்திருப்போரில் மூன்றில் இரு பங்கு அன்று, மொத்த உறுப்பினரில். வீட்டில் படுத்துறங்குபவரும் தலைவருக்குச் சாதகமாகவே எண்ணப்படுவார்!

உறங்குவதன் வலிமையை நாடு ஒருமுறை பார்த்தது. 1993 மே மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. இராமசாமியை நீக்கும் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. அவர் தமிழகத்தவர். பஞ்சாப்-அரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தைச் செலவிட்ட முறை பற்றி 14 குற்றச்சாட்டுகள். 11 மெய்ப்பிக்கப்பட்டன என்று விசாரணைக் குழு கூறியது. ஆதரித்து வாக்களித்தோர் 196. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவருமில்லை! 205 பேர் வாக்களியாது அமர்ந்திருந்தனர். தீர்மானம் வீழ்ந்தது. குற்றம் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. குற்றம் என்று சொல்லவும் நாவெழவில்லை. 'தென்னாட்டார் என்பதால் குறிவைக்கிறார்கள்' என்ற பேச்சும் அப்போது எழுந்தது. வடவர் செய்தால் குற்றம், நம்மவர் செய்தால் பழிவாங்கல் என்று நாம் நிறுவையை மாற்றத் தொடங்கினால், பிறப்பைப் பார்த்துத் தண்டனை சொன்ன மனுவுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

மீண்டும் 61க்கு வருகிறேன். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? நாடாளுமன்ற உறுப்பினர்களும், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே 234 பேர். ஒவ்வொருவர் வாக்குக்கும் மதிப்பு 176. ஆக, 41,184 மதிப்புள்ள வாக்கு சென்னையிலே விழுகிறது. அமர்த்தும்போது வேண்டியிருந்த சட்டமன்றம், இறக்கும்போது வேண்டியதில்லை! 61ஆவது பிரிவில் மாநிலச் சட்டமன்றம் என்ற சொல்லே கிடையாது. அமர்த்துவதில் வாக்கில்லாத நியமன உறுப்பினருக்கு இறக்குவதில் வாக்குண்டு. அமர்த்துவதில் வாக்குள்ள திருச்சிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இறக்குவதில் இடமில்லை. பெண் பார்க்கப் போகும்போது உறவினர் அனைவரும் வேண்டும், பிணக்கு வந்தபின் பஞ்சாயத்தில் பாதிப்பேருக்கு அழைப்பில்லை என்பது போலிருக்கிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மக்களவையில் 543 இடங்கள். நாலில் ஒரு பங்கு 136. தமிழ்நாடு 39, கேரளம் 20, கருநாடகம் 28, ஆந்திரம் 25, தெலங்கானா 17, கூட்டினால் 129. மாநிலங்களவையில் 245 இடங்கள்; நாலில் ஒரு பங்கு 62. ஐந்து தென் மாநிலங்களுக்கும் சேர்த்து அங்கே 57. அதாவது, ஒரு குடியரசுத் தலைவர் தென்னாடு முழுவதற்கும் எதிராக அரசியல் சட்டத்தை மிதித்தார் என்று வைத்துக்கொண்டாலும், கட்சி வேறுபாடின்றி ஐந்து மாநிலத்து உறுப்பினர் அத்தனை பேரும் எழுந்து நின்றாலும், தீர்மானம் நிறைவேறுவது கிடக்கட்டும், முன்னறிவிப்புத் தருவதற்கே கையெழுத்துப் போதாது! தொகுதி மறுவரையறை பற்றிப் பேசுவோர் இந்த எண்களையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் 54, 55ஆவது பிரிவுகளைத் திருத்த வேண்டுமானால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது ஒப்ப வேண்டும் என்கிறது 368ஆவது பிரிவு. நீக்கும் முறையைச் சொல்லும் 61ஐ அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

இவையெல்லாம் குறைகள்தாம். ஆனால் ஆழமான குறை வேறிடத்தில் இருக்கிறது.

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும் என்பது 74ஆவது பிரிவு. அமைச்சரவையோ மக்களவைப் பெரும்பான்மையின் பிள்ளை. குற்றஞ்சாட்ட வேண்டியதும் அதே நாடாளுமன்றம். விளைவு என்ன? பெரும்பான்மைக்கு அடங்காத தலைவர் மீது மட்டுமே இந்த வாள் பாயும். பெரும்பான்மையோடு கைகோத்து, அது கேட்டபடியெல்லாம் ஒப்பமிட்டு, அதன் மூலமே அரசியல் சட்டம் சிதையக் காரணமாகும் தலைவர் மீது இது ஒருநாளும் பாயாது. ஏவியவனே நீதிபதி, ஏவப்பட்டவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? எதிர்த்தால் குற்றம், பணிந்தால் பாதுகாப்பு! சட்டம் அறிந்தோ அறியாமலோ தரும் பாடம் இதுவாக இருக்கிறது.

ஏட்டில் எழுதும் கற்பனையன்று இது. 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுமுன்பே பிரதமர் அனுப்பிய தாளில் பக்ருதின் அலி அகமது ஒப்பமிட்டார். நெருக்கடி நிலை பிறந்தது. அமைச்சர்கள் மறுநாட் காலையில்தான் அறிந்தனர். அந்த இருட்டில்தான், 1976 சனவரி 31 அன்று, தமிழ்நாட்டின் தி.மு.க. அமைச்சரவையும் கலைக்கப்பட்டது. எந்த அவையிலே யார் முன்னறிவிப்புத் தந்தனர்? தந்திருக்கக்கூடியவர்களில் பலர் சிறையில் இருந்தனர்.

எனினும் நான் எடுத்துக்கொள்ள விரும்பும் நிகழ்ச்சி அதுவன்று. நெருக்கடி நிலையைக் கண்டிப்பது இன்று எளிது, எல்லாரும் கண்டிக்கின்றனர். 1991 சனவரி 30ஐ எண்ணிப் பாருங்கள்.

கலைஞர் மு. கருணாநிதியின் அமைச்சரவைக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. தில்லியிலே காங்கிரசின் தயவில் நின்ற சந்திரசேகர் அமைச்சரவை, விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைக் காரணங்காட்டி, கலைத்துவிடச் சொன்னது. 356ஆவது பிரிவின்படி வழக்கமாக ஆளுநர் அறிக்கை தருவார். ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா தரவில்லை. தர மறுத்தார்! என்ன செய்தனர்? அந்தப் பிரிவிலே 'ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ' என்றிருக்கிறது. அந்த 'வேறு வகை' என்ற பொந்தின் வழியே புகுந்தனர். அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அன்றே எதிர்த்துப் பேசிய சொல் அது. கையொப்பம் இட்டவர் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்டராமன். பட்டுக்கோட்டையை அடுத்த இராசாமடத்தில் பிறந்தவர். காமராசர் அமைச்சரவையில் தொழில் துறையைத் திறம்பட நடத்தியவர் என்று மாற்றாரும் ஒப்புவர். அரசியல் சட்டம் அறியாதவர் அல்லர், கற்றுத் துறைபோகியவர்.

1956இலே இதே திருச்சியில் மாநாடு கூடி, தேர்தலில் நிற்பது என்று முடிவெடுத்த இயக்கம் தி.மு.க. வாக்குப் பெட்டியே வழி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அந்தப் பெட்டி தந்த ஆட்சியை ஒரு தாளும் ஒரு பேனாவும் முடித்து வைத்தன.

ஸ்ரீபெரும்புதூரில் நான்கு மாதத்துக்குள் நடந்த கொடுமையைக் காட்டி, 'கலைத்தது சரிதானே' என்போர் உண்டு. கொடுமை கொடுமைதான்; அதில் இரு கருத்தில்லை. ஆனால் 1991 மே 21 அன்று தமிழகத்தை ஆண்டவர் யார்? கலைக்கப்பட்ட அமைச்சரவையா? குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பின்னே நடந்ததைக் கொண்டு முன்னே இட்ட ஒப்பத்துக்கு நியாயம் கற்பிப்பது பகுத்தறிவு ஆகாது.

வெங்கட்டராமன் பக்கத்து வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்போம். 'நான் தேர்ந்தெடுத்த கொள்கையன்று இது; அமைச்சரவையின் முடிவு. மறுத்தால், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத ஒருவன் மக்கள் மன்றத்தின் அமைச்சரவையை மீறியவன் ஆவேன். அதுவல்லவா சர்வாதிகாரத்துக்கு வாயில்?' இது அற்ப வாதமன்று. மாளிகையில் இருக்கும் மனிதர் ஒவ்வொரு கோப்பிலும் தம் விருப்பத்தைத் திணித்தால் நாமே முதலில் கொதித்தெழுவோம். ஆளுநர்கள் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களைக் கிடப்பிலே போட்டபோது கொதித்தோமல்லவா? ஆளுநர் அடங்க வேண்டும் என்று கேட்கும் நாம், தலைவர் அடங்கக் கூடாது என்று கேட்பது முரண் ஆகாதா?

முரணன்று, விளக்குகிறேன். 1978இல் வந்த 44ஆவது திருத்தம் ஒரு வழி திறந்துவிட்டது. அமைச்சரவையின் அறிவுரையைக் குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பி, 'மறுபடி எண்ணிப் பாருங்கள்' எனலாம். மீண்டும் அதே அறிவுரை வந்தால் ஏற்றாக வேண்டும். அமைச்சரவையை வீழ்த்தும் அதிகாரமன்று இது. கேள்வி கேட்கும் அதிகாரம். ஆளுநரின் அறிக்கை எங்கே, பெரும்பான்மை போனதற்குச் சான்று எங்கே, சட்டமன்றத்திலே வாக்கெடுப்பு ஏன் இல்லை என்று கேட்டு அனுப்புவதற்கு வெங்கட்டராமனுக்கு 1991இல் இடமிருந்தது. அந்த இடம் இருந்தது என்பதாலேயே, 'எனக்கு வேறு வழியில்லை' என்ற விடை செல்லாது. கைகள் கட்டப்பட்டவன் குற்றவாளியல்லன். கட்டு அவிழ்ந்திருந்தும் கை கட்டி நின்றவனை எப்படி அழைப்பது?

பர்னாலாவையும் பாருங்கள். அவரும் ஒரு நியமன மனிதர்தாம். மக்கள் வாக்கில் வந்தவரல்லர். பொய்யறிக்கை எழுத மாட்டேன் என்றார். பீகாருக்கு மாற்றினர், பதவியை விட்டு விலகினார். மறுத்தவர் பதவி இழந்தார். ஒப்பமிட்டவர் தம் காலம் முழுவதும் இருந்து 1992இல் ஓய்வு பெற்றார். எந்தக் குற்றமும் சாட்டப்படாமலே ஒருவருக்குத் தண்டனை; சாட்டத்தக்க கேள்வி இருந்தும் மற்றவருக்கு ஒரு வினாவும் இல்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1994 மார்ச்சில், பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 356இன் கீழ் வரும் அறிவிப்புக்கு அடிப்படை என்ன என்று நீதிமன்றம் ஆராயலாம், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சட்டமன்றமே என்றனர். நல்ல தீர்ப்பு. அறிவிப்பை ஆராயலாம், ஒப்பமிட்டவரை அன்று. 361ஆவது பிரிவு அவரை நீதிமன்றத்துக்கு விடை சொல்வதினின்றும் காக்கிறது. எஞ்சியிருப்பது 61 ஒன்றுதான். அதன் நிலையோ முன்னே கண்டோம்.

அதே 1991இல் கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இந்த வாளை உருவிப் பார்த்தனர். அதிபர் பிரேமதாசாவின் சொந்தக் கட்சியினரான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஆகஸ்டு இறுதியில் சபாநாயகரிடம் தீர்மானம் தந்தனர். அதிபர் நாடாளுமன்றத்தையே சில வாரங்களுக்கு மூடி வைத்தார்! மூடியிருந்த வாரங்களிலே கையெழுத்திட்டோர் சிலர் கரைந்தனர். அக்டோபரில் தீர்மானம் தள்ளப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவன் கையிலேயே மன்றத்தின் சாவி! 2022இல் கோத்தபய ராசபக்சவை இறக்கியது எந்தத் தீர்மானமும் அன்று. மாளிகைக்குள் புகுந்த மக்கள் வெள்ளம். சட்டத்தின் கதவு துருப்பிடித்தால் மக்கள் சுவரை இடிக்கின்றனர். அது வீரம்தான்; ஆனால் ஒவ்வொரு முறையும் நாடு பட்டினியில் விழுந்த பிறகா அந்த வீரம் வரவேண்டும்?

தென்கொரியாவில் கதவு திறந்தது. 2024 டிசம்பர் 3 இரவு யூன் சுக் யோல் படைத்துறைச் சட்டம் அறிவித்தார். டிசம்பர் 14 அன்று 300 பேர் கொண்ட மன்றத்தில் 204 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தனர். தேவை 200. எதிர்க்கட்சிகளிடம் இருந்தவை 192. மீதிப் பன்னிரண்டு பேராவது அவருடைய கட்சி முகாமிலிருந்தே வந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமுகமாக நீக்கத்தை உறுதி செய்தனர். நம் நாட்டில் அந்தப் பன்னிரண்டு பேர் எழுவார்களா? 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் ஆணையை மீறி அவையில் வாக்களித்தால் உறுப்பினர் பதவி போகும். குடியரசுத் தலைவர் மீதான குற்றச்சாட்டுக்கு அதிலே விலக்கு எழுதி வைக்கவில்லை. மனச்சான்றுப்படி வாக்களிக்க வேண்டிய ஒரே நாளிலும் மனச்சான்றுக்குக் கொறடா!

ஆகவே இளைஞர்கள் கேட்க வேண்டியவை வெளிப்படையாகவே இருக்கின்றன. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றங்களுக்கு நீக்குவதிலும் குரல் வேண்டும். அந்த வாக்கெடுப்பில் கொறடா கூடாது. மாநில ஆட்சியைக் கலைக்கும் ஒப்பத்தின் கீழே, எந்தச் சான்றைக் கண்டு ஒப்பமிட்டேன் என்று தலைவரே எழுதி நாட்டுக்கு வெளியிடக் கட்டாயம் வேண்டும். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம் எழுத வேண்டிய கை சற்றே நின்று எண்ணும்.

நின்று எண்ணிய கை ஒன்றையும் இந்நாடு கண்டதுண்டு. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்குமாறு குசராலின் அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் அந்தக் கோப்பை மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பரிந்துரையைக் கைவிட்டது; ஆட்சி நிலைத்தது. அந்த ஆட்சியின் முதல்வர் யார்? கல்யாண் சிங். 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டபோதும் முதல்வராக இருந்தவர். பகுத்தறிவாளர் எவரும் கண்ணால் காணவும் விரும்பாதவர். கலைக்கச் சொன்ன அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தவர்கள் யார் யார்? தி.மு.க. அமைச்சர்களும் அதிலே இருந்தனர். உள்ளே யார் எதைப் பேசியிருப்பினும், வெளியே வந்தது பரிந்துரைதான்.

மன்னார்புரத்துத் தோழரே, அன்றிரவு அந்தக் கோப்பு உம் மேசைக்கு வந்திருந்தால், கல்யாண் சிங்கின் பெயரை அதிலே படித்த பின்னும், திருப்பி அனுப்பியிருப்பீரா?